கேட்காமல் ஊற்றிய தண்ணீர்

ராயபுரத்து மருத்துவச்சி சிலுவையம்மாள் முப்பது வருஷத் தொழிலில் பொய் சொன்னது கிடையாது. பிழைக்காத பிள்ளையைப் பிழைக்கும் என்று சொல்லமாட்டாள். பெண் பிறந்தால் முகம் கோணாமல் பெண் என்பாள். ஆனால் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் அவள் பதினேழு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்தாள். அதை அவள் பாவம் என்று நினைக்கவில்லை. ஒரு பிள்ளைக்குத் தான் செய்ததிலேயே பெரிய நன்மை அதுதான் என்று நினைத்திருந்தாள்.

நடந்தது 1914-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம். எம்டன் கப்பல் கடலிலிருந்து குண்டு போட்டு எண்ணெய்த் தொட்டிகள் எரிந்த பிறகு பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது. வியாசர்பாடிச் சேரியின் மருத்துவச்சியும் ஓடிவிட்டாள். அந்த நேரம் பார்த்துத் துறைமுகத்தில் கரி சுமக்கும் வேலப்பனின் மனைவி பூவம்மாவுக்கு வலி எடுத்தது. வேலப்பன் ராயபுரம் வரைக்கும் ஓடி வந்து சிலுவையம்மாள் வீட்டுக் கதவைத் தட்டினான். அவள் ஓடவில்லை. சாவு வருவதாக இருந்தால் எந்த ஊரிலும் வரும் என்று சொல்லி வீட்டிலேயே இருந்தாள்.

நடுப்பகலில் பிள்ளை பிறந்தது. அழவில்லை. உடம்பு நீலம் பாரித்திருந்தது. சிலுவையம்மாள் காலைப் பிடித்துத் தூக்கித் தட்டினாள், வாயைத் துடைத்து ஊதினாள். ஒன்றும் பலிக்கவில்லை. பூவம்மா நினைவில்லாமல் கிடந்தாள். வேலப்பன் வெளியே வெந்நீர் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தான். சாகும் தறுவாயில் இருக்கிற பிள்ளைக்கு யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று மருத்துவச்சிகளுக்குக் கோயிலில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். மூலையில் செம்பில் தண்ணீர் இருந்தது. அதை எடுத்துப் பிள்ளையின் தலையில் மூன்று முறை ஊற்றி, "பிலோமி, பிதா சுதன் இஸ்பிரீத்து சாந்து நாமத்தினாலே உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்" என்றாள். மூன்றாவது முறை ஊற்றி முடித்ததும் பிள்ளை வீல் என்று கத்தியது.

வெந்நீரோடு உள்ளே வந்த வேலப்பனிடம் அவள், "பொண்ணு. தொண்டைய பாரு, கப்பல் சங்கு மாரி" என்று மட்டும் சொன்னாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பங்குச் சாமியாரிடம் போய் நடந்ததைச் சொன்னாள். அவர் ஞானஸ்நானப் புத்தகத்தில் பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், தாயின் பெயர், தேதி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பெற்றவர்கள் பிள்ளைக்கு மலர்க்கொடி என்று பெயர் வைத்தார்கள். சிலுவையம்மாள் ஜெபமாலை சொல்லும்போதெல்லாம் பிலோமி என்று ஒரு பெயரையும் சேர்த்துக்கொண்டாள்.

இனி 1932-க்கு வரலாம்.

மலர்க்கொடி எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருந்தாள். அந்தச் சேரியில் அதுவரை எந்தப் பெண்ணும் தேறியதில்லை. அந்தச் சமயம் பட்டணத்தில் ஒரு வைத்தியக் கல்லூரி பெண்களைச் சேர்த்து, நாலு வருஷம் படிக்க வைத்து டாக்டராக்கி அனுப்பிக்கொண்டிருந்தது. எல்லா இடத்தையும் ஒரே வகுப்பார் நிரப்பிவிடக் கூடாது என்று ஒவ்வொரு சமூகத்துக்கும் இத்தனை இடம் என வகுத்திருந்தார்கள். ஆதிதிராவிடருக்கு ஒன்று. கிறிஸ்தவருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் சேர்த்து இரண்டு. மலர்க்கொடி அந்த ஒன்றுக்கு மனு போட்டாள்.

கல்லூரி குமாஸ்தா அய்யாத்துரை மனுவைப் பார்த்துவிட்டு வேலப்பனைக் கூப்பிட்டார்.

"பதினேழு வயசு முடிஞ்சிருக்கணும்ப்பா. ஸ்கூல் சர்ட்டிபிகேட்டுல பதினாறுன்னுல்ல இருக்கு?"

"அது வாத்தியாரு குத்துமதிப்பா போட்டதுங்க. எம்டன் குண்டு போட்ட நாலாம் நாளு பொறந்திச்சுங்க."

"முனிசிபாலிட்டியில பதிஞ்சியா?"

"ஊரே ஓடிக்கினு இருந்திச்சே ஐயா, எங்க போயி பதியறது?"

"எம்டன் கப்பலைக் கூட்டியாந்து சாட்சி வைக்க முடியாதுப்பா. தேதி போட்ட காகிதம் ஒண்ணு கொண்டா. யாராவது பெரியவங்க கையெழுத்துப் போட்டதா இருக்கணும்."

வேலப்பன் நேராகச் சிலுவையம்மாளிடம் போனான். பிள்ளை பிறந்த தேதிக்கு அவளைவிட்டால் வேறு யார் சாட்சி? விஷயத்தைக் கேட்டதும் அவள் முகம் மலர்ந்தது.

"காகிதம்தானே? நான் பாத்துக்கிறேன். எங்க சாமியாரண்ட சொல்லி எயுதி அனுப்பச் சொல்றேன். நீ வேலைக்குப் போ நைனா."

பங்குச் சாமியார் வந்து ஆறு மாதந்தான் ஆகியிருந்தது. பழைய புத்தகத்தைத் தேடி எடுத்து, அதில் இருந்ததை அப்படியே இங்கிலீஷில் நகல் எழுதினார். பெண்ணை இப்போது என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டு அதையும் சேர்த்துக்கொண்டார். உறையில் போட்டு ஒட்டிக் கல்லூரி விலாசத்துக்குத் தபாலில் அனுப்பிவிட்டார். காகிதத்தில் தேதி மட்டும்தான் இருக்கும் என்று சிலுவையம்மாள் நினைத்திருந்தாள். அவளுக்குத் தமிழே எழுத்துக் கூட்டத்தான் தெரியும். அன்றைக்கு ஊற்றிய தண்ணீர் இன்றைக்குப் பிள்ளையின் படிப்புக்கு உதவுகிறதே என்று அந்த வாரம் முழுவதும் சந்தோஷமாக இருந்தாள்.

ஜூலை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை கல்லூரி வராந்தாவில் பட்டியல் ஒட்டினார்கள். வேலப்பன் அரைநாள் வேலையை விட்டுவிட்டு மகளோடு வந்தான். மலர்க்கொடி ஆதிதிராவிடர் என்ற தலைப்பின் கீழே பார்த்தாள். அங்கே ஒரு கோடு இழுத்திருந்தது.

"உம் பேரு இருக்குதா கண்ணு?"

"இல்ல நைனா."

"ஒயுங்கா பாரு."

அவள் மற்றக் காகிதங்களையும் விரல் வைத்துப் படித்துக்கொண்டே போனாள். கிறிஸ்தவர், ஆங்கிலோ இந்தியர் என்ற தலைப்பில் தேர்ந்தவர்கள் இரண்டு பேர். அதற்குக் கீழே காத்திருப்பவர்கள். அதில் ஐந்தாவதாக 'மலர்க்கொடி என்கிற பிலோமி, தகப்பன் பெயர் வேலப்பன், வியாசர்பாடி' என்று இருந்தது.

"நைனா, நம்ம வூட்ல பிலோமின்னு யாருன்னா கீறாங்களா?"

"இன்னாம்மா, வெளையாடறியா?"

"நான் வெளையாடல. இவங்க வெளையாடறாங்கோ."

குமாஸ்தா அய்யாத்துரை கெட்டவர் அல்ல. காகிதத்தில் உள்ளதைத் தவிர வேறு எதையும் அவர் நம்புவதில்லை, அவ்வளவுதான். கோப்பைப் பிரித்துச் சாமியார் அனுப்பிய நகலைக் காட்டினார்.

"நான் மாத்தலப்பா. இந்தா, ராயபுரம் கோயில் முத்திரை. இந்த நாளுல பொறந்தது, அன்னிக்கே ஞானஸ்நானம், பேரு பிலோமி. வயசு சரியாப் போச்சு. ஆனா கிறிஸ்தவப் பொண்ணை நான் ஆதிதிராவிடப் பட்டியல்ல எப்படி வைக்கறது? அந்தப் பட்டியல்ல வேற ஆளே இல்ல, இடம் இதுக்குத்தான் இருந்திருக்கும். இந்தப் பட்டியல்ல அஞ்சாவது."

மலர்க்கொடி காகிதத்தை இரண்டு தரம் வாசித்தாள். பிறகு வெளியே வந்து வராந்தாவின் ஓரத்தில் நின்றுகொண்டாள்.

வேலப்பன் தூணைப் பிடித்தபடி நின்றான். பக்கத்தில் ஒருவர் குடையை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்டையார்பேட்டையில் ஒரு சரக்குக் கிட்டங்கியை மேற்பார்வை பார்க்கும் அருள்பிரகாச முதலியார் அவர். அவருடைய மகளும் மனு போட்டிருந்தாள். பிராமணரல்லாத இந்துக்களின் பட்டியலில் காத்திருப்பவர்களில் முதல் பெயர் அவளுடையதுதான்.

"உன் பொண்ணு எத்தனை மார்க்குப்பா?" என்று கேட்டார்.

வேலப்பன் சொன்னான்.

"எம் பொண்ணு அதுக்கு நாப்பது மேல. அவ வெளியில நிக்கறா. உங்களுக்குன்னு ஒரு நாற்காலி போட்டு வச்சிருக்காங்க. இதுல நியாயம் எங்க இருக்கு, நீயே சொல்லு."

வேலப்பனுக்கு இருந்த மனநிலையில் அவன் சண்டைக்குப் போயிருக்கலாம். போகவில்லை. 

"உங்க பொண்ணு கிளாஸ்ல எங்க உக்காந்து படிச்சுதுங்க?"

"எங்கன்னா? பெஞ்சியில."

"எம் பொண்ணு மூணு வருசம் வாசப்படிக்கு அந்தாண்ட உக்காந்துதுங்க. கோணிய மடிச்சி எடுத்துகினு போவும். உள்ள வுடமாட்டாங்கோ. பலகை கண்ணுக்குத் தெரியாது. வாத்தியாரு சொல்றத காதால வாங்கி மண்ணுல எயுதி கணக்கு போட்டுது. அந்த நாப்பது மார்க்கு எங்க போச்சுன்னு எனக்கு தெரியும் ஐயா. அதுக்கு உங்க பொண்ண நான் ஒண்ணும் சொல்லல."

 முதலியார் குடையைக் கக்கத்திலிருந்து எடுத்தார், மறுபடியும் இடுக்கிக்கொண்டார். படியிறங்கிப் போனவர் பாதியில் திரும்பி வந்தார்.

"இங்க பாரு. உங்க பட்டியல்ல மனு போட்டது உம் பொண்ணு ஒருத்திதான். அவ இல்லேன்னா அந்த இடம் எங்க பக்கம் வரும். எம் பொண்ணுக்குத்தான் வரும். அது உனக்குத் தெரிஞ்சிருக்கட்டும்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "வெள்ளிக்கிழமை நாலு மணி வரைக்கும் ஆட்சேபணை மனு வாங்குவாங்க. சனிக்கிழமை கமிட்டி கூடுது. மனுவுல தப்புன்னு எழுதாதே. தப்புன்னா குமாஸ்தா முறைச்சுப்பார். விசாரிக்க வேணும்னு எழுது."

சொல்லிவிட்டு விடுவிடென்று டிராம் நிற்கும் இடத்தைப் பார்த்து நடந்தார். ஏன் சொன்னோம் என்று அவருக்கே புரியவில்லை. இதைக் கேட்டு அவர் மனைவி இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மனிதர் மனத்துக்குள் சர்வேசுரன் எந்த வாசல் வழியாக நுழைகிறார் என்பது நுழைந்த பிறகுதான் தெரிகிறது.

அன்று பிற்பகல் வேலப்பனும் பூவம்மாவும் மகளும் ராயபுரத்துக்கு வந்தார்கள். சிலுவையம்மாள் வாசலில் பழந்துணிகளைக் கொதிக்க வைத்து அலசிக்கொண்டிருந்தாள். மூன்று பேரையும் பார்த்ததும் கையை உதறிக்கொண்டு எழுந்து, "எடம் கெடைச்சிடுச்சா?" என்று கேட்டாள்.

பூவம்மா முன்னால் வந்தாள்.

"யாருக்கா அது பிலோமி?"

சிலுவையம்மாளுக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கியது. ஈரக் கையோடு கீழே உட்கார்ந்துவிட்டாள். பிறகு, அந்த நடுப்பகல், நீலம் பாரித்த உடம்பு, மூலையில் இருந்த செம்பு என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். பூவம்மா கேட்டுக்கொண்டே நின்றாள்.

"ஏங்கா, நான் அங்கதானே படுத்துகினு இருந்தேன்? கண்ணு முழிச்ச அப்பாலயாவது ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? பத்து மாசம் சொமந்தவளுக்கு தெரியாத பேரு எம் புள்ளைக்கு கீது. கோயிலுக்கு தெரியும், சாமியாருக்கு தெரியும், இப்போ காலேஜிக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது."

"நீ பயப்படுவேன்னு சொல்லல பூவம்மா."

"பயமா? எம் புள்ள செத்துடும்னு நீ நெனச்சப்ப எனக்கு பதிலா நீ பயந்தே. அதுக்கு உன் கால்ல வியுந்து கும்புடுவேன். ஆனா பதினேயு வருசம்! எங்க வூட்டாண்ட வர சொல்லோ எல்லாம் அது தலைய தடவி வுட்டியே, எந்தப் பேர சொல்லி தடவுனே?"

சிலுவையம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

வேலப்பன் நடைமுறை மனிதன். அவன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தான். "அழுது இன்னா ஆவப்போவுது? ஒரு வார்த்த சொல்லிடுக்கா. அது வேற வேலப்பன் புள்ளன்னு சொல்லிடு. வியாசர்பாடில வேலப்பனுக்கா பஞ்சம்? எங்க சந்துலயே மூணு பேரு கீறோம்."

சிலுவையம்மாள் மலர்க்கொடியைப் பார்த்தாள். 

"நான் மூச்சு வுட்டது தண்ணி ஊத்தறதுக்கு முன்னாலயா, அப்பாலயா?" என்று கேட்டாள் மலர்க்கொடி.

"அப்பாலதான் கண்ணு."

"அப்போ தண்ணி சில்லுன்னு பட்டதுல மூச்சு வந்திருக்கும். எங்க புஸ்தகத்துல கீது." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "பேரு நல்லாத்தான் கீது அத்தை. ஆனா என்னெ கேட்டிருக்கலாம். பொறந்தப்போ கேக்க முடியாது, சரி. அஞ்சு வயசுல கேட்டிருக்கலாம். பத்து வயசுல கேட்டிருக்கலாம்" என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் சிலுவையம்மாளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அவர்கள் போன பிறகு அவள் கோயிலுக்குப் போனாள். தேவமாதா பீடத்தின் முன்னால் வெகுநேரம் முழங்காலில் இருந்தாள். வேலப்பன் கேட்ட பொய் ஒரே ஒரு வரிதான். அதைச் சொல்லிவிட்டால் ஒரு பெண் டாக்டராகிவிடுவாள். ஆனால் ஞானஸ்நானமே நடக்கவில்லை என்று வாயால் சொல்வது, கொடுத்ததைச் சர்வேசுரனிடமிருந்து திரும்பப் பிடுங்குவதுபோல அவளுக்குப் பட்டது. உண்மையைச் சொன்னாலோ பெண்ணின் இடம் போய்விடும். இரண்டில் எதைச் செய்தாலும் தன் கையாலேயே அந்தப் பிள்ளையைக் கீழே போடுவதாகத்தான் இருந்தது.

எழுந்து பங்குச் சாமியாரைப் போய்ப் பார்த்தாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"புத்தகத்துல எழுதினதை அழிக்க எனக்கு அதிகாரமில்லைம்மா. ஆயர் நினைச்சாலும் முடியாது."

"அழிக்கச் சொல்லல சாமி."

"ஆனா நான் ஒரு தப்புப் பண்ணியிருக்கேன். அந்தப் பொண்ணு யாரு, நம்ம பங்கு ஜனமா, பூசைக்கு வருதான்னு ஒரு வார்த்தை விசாரிக்கலை. பாதி உண்மையை எழுதி அனுப்பிட்டேன். மீதிப் பாதியையும் எழுதித் தரேன்."

அவர் எழுதியது நாலே வரி. சாகும் தறுவாயில் மருத்துவச்சி கொடுத்த ஞானஸ்நானம் இது, பெற்றவர்களுக்குத் தெரியாது, அதற்குப் பிறகு அந்தப் பெண் இந்தக் கோயிலின் எந்தச் சடங்கிலும் சேர்ந்ததில்லை, அந்தக் குடும்பம் இந்தப் பங்கைச் சேர்ந்ததல்ல. கீழே கையெழுத்தும் முத்திரையும். எழுதியதைத் தமிழில் அவளுக்குப் படித்துக் காட்டிய பிறகுதான் உறையில் போட்டார்.

"இது காகிதம். காகிதம் என்ன பண்ணும்னு நாம பார்த்துட்டோம். நீங்களே போய் வாயால சொல்லுங்க" என்றார்.

மலர்க்கொடி எழுதிய மனுவை வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கே வேலப்பன் கொண்டுபோய்க் கொடுத்தான். தப்பு என்ற வார்த்தை அதில் இல்லை. அய்யாத்துரை படித்துவிட்டு, "யாரோ விஷயம் தெரிஞ்சவங்க சொல்லிக் கொடுத்திருக்காங்க" என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை கமிட்டியில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் வெள்ளைக்கார டாக்டர் அம்மாள். ஒரு பக்கம் ஒரு வக்கீல், இன்னொரு பக்கம் பென்ஷன் வாங்கிய ஓர் அதிகாரி. டாக்டர் அம்மாளுக்குத் தமிழ் கொஞ்சம்தான் தெரியும். அய்யாத்துரை பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தார். சிலுவையம்மாள் தோய்த்துக் கஞ்சி போட்ட வெள்ளைப் புடவையில் வந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் வேலப்பனும் பூவம்மாவும் மலர்க்கொடியும் நின்றார்கள். ஜன்னலுக்கு வெளியே வராந்தாவில் முதலியார் உட்கார்ந்திருந்தார்.

வக்கீல் கோப்பைத் தட்டினார். "அம்மா, சுருக்கமாச் சொல்லுங்க. இந்தப் பொண்ணுக்கு ஞானஸ்நானம் கொடுத்தது உண்மையா, இல்லையா?"

"உண்மைதான் ஐயா. நான்தான் குட்த்தேன்."

வேலப்பன் கண்ணை மூடிக்கொண்டான்.

"அப்போ இவ கிறிஸ்தவப் பொண்ணுதானே?"

"அது சர்வேசுரனுக்கு தெரியும். அவரோட புஸ்தகத்துல இவ எம் புள்ள மாரி. ஆனா நீங்க அந்தப் புஸ்தகத்த பாத்து எடம் குடுக்கலியே ஐயா? இந்த ஒரு எடத்த எதுக்கு தனியா வெச்சீங்கோ?"

வக்கீல் அதிகாரியைப் பார்த்தார். கமிட்டியைக் கேள்வி கேட்க யாரும் அங்கே வந்ததில்லை. டாக்டர் அம்மாள், மேலே சொல்லட்டும் என்பதுபோலக் கையைக் காட்டினாள்.

"இவ தலையில நான் மூணு தரம் தண்ணி ஊத்தினேன். அதுக்கப்பால இவ இஸ்கூல்ல குடிக்க தண்ணி கேட்டா, அண்ணாந்து குடின்னு தூக்கி ஊத்துனாங்கோ. செம்ப தொட வுடல. தெருக்கொயாயாண்ட போனா குடத்த ஒடச்சாங்கோ. ஒருத்தராவது, பாவம், இது ஞானஸ்நானம் வாங்கின கொயந்தன்னு வுட்டாங்களா? வாங்கினதே இவளுக்கு தெரியாதே. சரி, தெரிஞ்சவங்களுக்கு மட்டும் இன்னா ஆச்சு? எங்க ஜனத்துலயே, கோயிலுக்குள்ளயே, இவங்க ஆளுங்கள தனியா ஒரு பக்கம் உக்கார வெச்சத நான் கண்ணால பாத்திருக்கேன். இத வெளிய சொல்ல எனக்கு வெக்கமா கீது. ஆனா நெசம். தண்ணி ஊத்தறதால அந்த மொறை மாறிடல ஐயா. எது மாறலியோ அதுக்காவத்தானே இந்த எடத்த வெச்சிருக்கீங்கோ?"

அய்யாத்துரை மொழிபெயர்க்கக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார். ஒரு வார்த்தையையும் விடவில்லை. சாமியாரின் இரண்டாவது கடிதத்தை டாக்டர் அம்மாள் படித்து மற்ற இருவருக்கும் தள்ளினாள்.

பென்ஷன் அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதை ஒத்துக்கிட்டா நாளைக்கு யார் வேணும்னாலும் வந்து, நான் அது இல்ல, இதுன்னு சொல்லுவாங்க. சட்டம்னு ஒண்ணு இருக்கே?" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

அப்போது அய்யாத்துரை வழக்கத்துக்கு மாறாக ஒன்று செய்தார். கேட்காமலே வாய் திறந்தார்.

"சார், மனுவுல இருக்கற கேள்வி, ஞானஸ்நானம் ஆச்சான்னு இல்லை. எந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர்னுதான் இருக்கு. அந்தப் பொண்ணு முதல்ல அதுக்குச் சரியாத்தான் பதில் எழுதியிருக்கு. நான்தான் பின்னால வந்த காகிதத்தைப் பார்த்து மாத்தினேன். பொண்ணை நான் கேட்கலை."

டாக்டர் அம்மாள் மலர்க்கொடியைப் பார்த்துத் தமிழிலேயே, "நீ சொல்லு" என்றாள்.

மலர்க்கொடி முன்னால் வந்தாள்.  "நான் வியாசர்பாடிச் சேரியில பொறந்தேன். அங்கதான் இருக்கேன். படிச்சிட்டு அங்கதான் போவேன். இவங்க என் உயிரைக் காப்பாத்துனாங்க. அவங்க வச்ச பேரு வேணாம்னு சொல்லமாட்டேன். ஆனா மனுவுல எழுதினது நான்."

எல்லாரையும் வெளியே இருக்கச் சொன்னார்கள்.  வேலப்பன் குறுக்கும் நெடுக்கும் நடந்தான். பூவம்மா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துச் சிலுவையம்மாள் அவளுக்குச் சற்றுத் தள்ளி, தயங்கித் தயங்கி உட்கார்ந்தாள். பூவம்மா அவளைப் பார்க்காமலே, "செவுத்துல சாயாதே, சுண்ணாம்பு ஒட்டிக்கும், வெள்ளப் பொடவை" என்றாள். அது போதுமானதாக இருந்தது சிலுவையம்மாளுக்கு.

அரைமணி நேரம் கழித்து அய்யாத்துரை மைக்கூடும் பேனாவுமாக வெளியே வந்தார். கிறிஸ்தவர் பட்டியலில் ஐந்தாவது பெயரை நேர்கோடாக அடித்தார். ஆதிதிராவிடர் என்ற தலைப்பின் கீழே, வெறும் கோடு இருந்த இடத்தில், 'மலர்க்கொடி' என்று தன் அழகான கையெழுத்தில் எழுதினார். மை காயும் வரைக்கும் ஊதினார்.

வேலப்பன் அப்படியே தரையில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். கரி மூட்டை சுமந்து சுமந்து அகன்றுபோன அவன் தோள்கள் குலுங்கின. மலர்க்கொடி அந்த எழுத்தின் முன்னால் அசையாமல் நின்றாள்.

எல்லாரும் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்க, சிலுவையம்மாள் இந்தப் பக்கம் பார்த்தாள். முதலியார் எழுந்து குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கிக்கொண்டிருந்தார். செவ்வாய்க்கிழமை அவர் செய்த உதவியை வேலப்பன் அவளிடம் சொல்லியிருந்தான். அவருடைய வீட்டில் ஒரு பெண், நாற்பது மார்க் அதிகம் வாங்கியவள், அப்பா என்ன செய்தி கொண்டு வருவார் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளும் ஒரு குற்றமும் செய்யாதவள். மலர்க்கொடிக்குக் கிடைத்தது நியாயந்தான். ஆனாலும் அந்த நியாயத்தின் பாரத்தில் கொஞ்சம் அந்தப் பெண்ணின் தோளிலும் இன்று இறங்கியிருக்கிறது.

சிலுவையம்மாள் வேகமாக நடந்து போய் அவரை நிறுத்தினாள்.

"ஐயா, உங்க பொண்ணு பேரு இன்னா?"

"வேம்பு. ஏன்?"

"அடுத்த வருசம் மனு போடுமா?"

"போடுவா. பிடிவாதக்காரி."

சிலுவையம்மாள் கொஞ்சம் தயங்கினாள். இப்படி ஒருவரிடம் அவள் இதுவரை கேட்டதே இல்லை. "நான் தெனம் ஜெபமாலை சொல்றப்போ அந்தப் பேரையும் சொல்லிக்கலாமா? உங்களுக்கு இஷ்டம்னாதான். பொண்ணையும் ஒரு வார்த்த கேட்டு சொல்லுங்கோ."

முதலியார் அவளை உற்றுப் பார்த்தார். காலையிலிருந்து இறுகியிருந்த அவர் முகம் லேசாகத் தளர்ந்தது.

"கேட்டுச் சொல்றேன்மா. ஜெபம்னா அவ வேணாம்னு சொல்லமாட்டா" என்றார். இரண்டு படி இறங்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "தண்ணி மட்டும் ஊத்திடாதீங்க."